பழவேற்காட்டுச் சேறு

"பரவாயில்லையே, இன்னைக்கு நாத்தமே இல்ல!" மானேஜர் ஆதிநாராயணன் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மூன்று மாதமாக இந்தத் தொட்டியைத் திட்டித் தீர்த்தவர் இன்று சிரித்தது எஞ்சினீயர் துளசிராமனுக்குச் சரியாகப் படவில்லை.

கும்மிடிப்பூண்டியில் அந்தக் கம்பித் தொழிற்சாலை வந்த நாளிலிருந்து, கம்பி கழுவிய அமிலத் தண்ணீர் நேராக வாய்க்காலுக்குத்தான் போனது. துளசிராமன்தான் பழவேற்காட்டு ஏரிச் சேற்றை லாரியில் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பினான். சேற்றில் வாழும் பாக்டீரியா அமிலத்தை முறிக்கும் என்றான். அழுகின முட்டை நாற்றம் ஊரைத் தூக்கியது, ஆனால் தண்ணீர் தேறி வந்தது.

அவனை நம்பிய ஒரே ஆள், அங்கே கூட்டிப் பெருக்கும் செங்கம்மாள். வாய்க்கால் ஓரம் அவள் வீடு. அவள் கிணற்றுத் தண்ணீரில் பொங்கினால் சோறு துரு நிறத்தில் வரும். பாக்டீரியாவுக்குத் தீனியாகத் தினமும் சாணியும் வெல்லக் கழிவும் கரைத்துத் தொட்டியில் ஊற்றியது அவள்தான். இன்று தண்ணீரைச் சோதிக்கும் நாள் என்பதால், மந்திரி வருகிற ரோடு மாதிரி தொட்டியைச் சுற்றி வெள்ளைப் பொடி தூவியிருந்தாள்.

மானேஜர், அமிலம் பட்டால் சிவக்கும் நீலத் தாளை நீட்டினார். "இது சிவந்தா தொட்டிய மூடிடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

"சிவக்காது சார். மெட்ராஸ் போறதுக்கு முன்னாடிகூடப் பாத்தேன்."

துளசிராமன் தாளை நனைத்தான். தொட்டதுமே சிவந்துவிட்டது.

அவன் மானேஜர் பக்கம் திரும்பினான். "நாத்தம் நின்னாலே பாக்டீரியா எல்லாம் செத்துப்போச்சுன்னு அர்த்தம். மூணு நாள் நான் இல்லாதப்ப நீங்கதான் எதையோ கலந்துட்டீங்க!"

"எனக்கு வேற வேலை இல்ல? நாளையிலேர்ந்து உனக்கும் இங்க வேலை இல்ல!" மானேஜர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மண்வெட்டியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். துளசிராமன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். பாவி, ஊர் உருப்படுவது பிடிக்காமல் கெடுத்துவிட்டானே என்று மானேஜரைச் சபித்தான்.

அதுவரை வாசல் கேட் அருகே நின்றிருந்த செங்கம்மாள் ஓடிவந்தாள். "மூடப் போறாங்களாமே சார்? என் கெணறு இன்னா ஆவறது? மூணு மாசமா நாறுது நாறுதுன்னு உன்ன ஏசிக்கினு இருந்தாரு. நாத்தம் போனப்புறமும் அந்தாளுக்கு மனசு எறங்கலியா?"

துளசிராமன் மெல்ல நிமிர்ந்தான். அவன் பார்வை அந்த வெள்ளைப் பொடியில் போய் நின்றது. "நாத்தம் எப்படிப் போச்சு, செங்கம்மா?"

"நீ மெட்ராசுக்குப் போன அன்னிக்கே, ரெண்டு மூட்ட பிளீச்சிங் பவுடர உள்ள கொட்னேனே சார்!"