கூட்டமணி

மதிலுக்கு அப்புறம் ஸ்ட்ரைக் கோஷம் கேட்டதும் விஷ்ணுப்ரியா கணக்கு நோட்டை மூடிவிட்டாள்.

"அம்மா, இன்னிக்கு சமரமாக்கும். கிளாஸ் கிடையாது."

மதிலுக்கு அப்புறம் பள்ளிக்கூடம். இப்புறம் எங்கள் சமையலறையும் அதை ஒட்டிய என் வகுப்பும். வகுப்பில் மொத்தம் ஒரே மாணவி. பத்து வயது, ஐந்தாம் கிளாஸ். ஹெட்மிஸ்ட்ரஸ், பியூன், மத்தியானம் சோறு போடுகிற சேச்சி எல்லாம் நான்தான்.

போன வருஷம் இங்கிலீஷ் மீடியத்தில் ஃபீஸை ஏற்றினார்கள். அவளை நிறுத்தினோம். என் வீட்டுக்காரர் ஸ்ரீகண்டன் ஆரியசாலையில் ஒரு மொத்தக்கடையில் பில் போடுகிறார். அந்தச் சம்பளத்துக்குத் தகுந்த பள்ளிக்கூடம் இது. கடைக்கு வரும் காலண்டர்களின் பின்பக்கம்தான் நோட்டு. பாடப்புத்தகம், பழைய சாமான் எடுக்கும் ஆக்ரிக்கடையிலிருந்து வந்தது. அதை முன்பு வைத்திருந்த சஜின் என்ற யாரோ ஒரு பையன், ராணிகளுக்குக்கூட மீசை வரைந்து வைத்திருக்கிறான்.

மணிகூட ஓசிதான். அங்கே அடித்தால் இங்கே பாடம் மாறும்.

அப்படியிருக்க, அங்கே சமரம் என்றால் இங்கேயும் சமரம்தானே? நியாயம்.

அவள் கூடத்துக்கும் கொல்லைக்குமாக ஊர்வலம் போனாள். "வித்யார்த்தி ஐக்யம்!" என்று முன்னால் நின்று மலையாளத்தில் கத்துவதும் அவளே. திரும்பி நின்று "சிந்தாபாத்!" என்று பதில் சொல்வதும் அவளே.

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது சுற்றில் சிரிப்பு நின்றுவிட்டது.

நாலாய் மடித்த காலண்டர் தாள் ஒன்றை என்னிடம் நீட்டினாள். டிமாண்ட் நோட்டீஸாம். ஹெட்மிஸ்ட்ரஸ் கெத்தில், படிக்காமலே புடவை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அப்புறம் கூட்டமணி அடித்தது. பள்ளி விட்டாச்சு என்று நிறுத்தாமல் அடிக்கிற மணி. நானும் தாம்பாளத்தை எடுத்துக் கரண்டியால் அடித்தேன்.

"ஸ்கூல் விட்டாச்சு. எல்லாரும் ஆத்துக்குப் போங்கோ."

அவள் பையை மாட்டினாள். குடையை எடுத்தாள். படியிறங்கித் தெருவுக்குப் போய், யூனிஃபார்ம் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

தெருமுனை வரை போய்த் திரும்புவாள் என்று வாசலில் நின்றேன். தூறல் விழுந்தது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பழவங்காடிப் பக்கம், அந்த பஸ் நெரிசலில் போயிருப்பாளோ? இப்படி வாசலில் நின்று ஒரு வருஷம் ஆகிறது. பயம்தான். ஆனால் அந்தப் பயம் எனக்கு வேண்டியிருந்தது என்பது நின்றபோதுதான் தெரிந்தது.

கால்மணி கழித்து வந்தாள். வேறொரு பெண்ணின் குடைக்குள், தன் குடையை விரிக்காமல்.

அந்தப் பெண் "நாளெ காணாம்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நாளைக்குப் பார்க்கலாமாம். இவளும் "நாளெ காணாம்" என்றாள்.

"ஸ்கூல்ல என்னடி விசேஷம்?"

"ஒண்ணும் இல்லை."

சொல்லிவிட்டுக் கால் அலம்பப் போய்விட்டாள். இந்த ஒரு வருஷமாக அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். இன்றைக்கு முதல்முறையாக எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவளிடம் இருக்கிறது. சொல்ல மாட்டாள்.

மதிலுக்கு அப்புறம் இருப்பது சர்க்கார் பள்ளிக்கூடம். அங்கே ஃபீஸ் கிடையாது. புத்தகம் சும்மா தருகிறார்கள். மத்தியானச் சோறும் உண்டு. ஸ்ரீகண்டன் இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். எனக்குத்தான் காது கேட்கவில்லை.

நான் பி.எட். படித்தவள். சர்க்கார் டீச்சர் வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதி, ரேங்க் லிஸ்டில் என் பெயரும் வந்தது. என் நம்பரைக் கூப்பிடுவதற்குள் லிஸ்டின் காலம் முடிந்துவிட்டது. எனக்குக் கிடைத்த ஒரே கிளாஸ் இவள்.

இடுப்பிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தேன்.

'டிமாண்ட்: எனக்கு தினமும் ஸ்கூல் விட்டு ஆத்துக்கு வரணும்.'

கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் கொட்டை எழுத்தில், பாகீரதி டீச்சர்.

என் பெயரோடு டீச்சர் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. இதில் கையெழுத்துப் போட்டால் அந்த டீச்சருக்கு வேலை போய்விடும்.

கணக்கு நோட்டுப் பக்கத்தில் அவள் பென்சில் கிடந்தது. எடுத்தேன். பென்சில் என்றால் ராத்திரிக்குள் அழித்துவிடுவேன் என்று, அதை வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினேன்.