ஐந்து மணிக்குள் ஒரு கையெழுத்து

"சீல் அண்ணே, சாக்கு சொல்லாதீங்க. மனுஷன் இருக்காரா, இல்லையா?"

லிஃப்ட் பழுது. நான்கு மாடி ஏறி வந்த டாக்டருக்கு மூச்சு வாங்கியது. படிக்கட்டால் பாதி, கோபத்தால் பாதி.

ஆய்வுப் பிரிவின் எழுத்தர் மேசையிலிருந்து நிமிரவே இல்லை. எந்தக் காகிதமானாலும் அவருடைய முத்திரை விழுந்தால்தான் நகரும் என்பதால், மருத்துவமனை முழுவதற்கும் அவர் 'சீல் அண்ணன்'தான்.

"வார்டுக்குப் போயிருக்கார் டாக்டர்."

"வார்டுலேர்ந்துதான் வர்றேன். அங்க கேட்டா ஆய்வுப் பிரிவுல இருக்கார்ங்கறாங்க. என்னைப் பந்தாடறீங்களா எல்லாரும் சேர்ந்து?"

கையிலிருந்த படிவத்தை டாக்டர் மேசைமேல் விரித்தார். விஷயம் ஒன்றும் சிக்கலானதல்ல. புதிதாக ஆராய்ச்சிக்கு வரும் மருத்துவருக்கு மூத்த பேராசிரியர் ஒருவர் வழிகாட்டி. எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பது, யார் எதற்குப் பொறுப்பு என்று இருவரும் பேசி, ஆண்டுக்கு ஒருமுறை ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும். இரண்டு கையெழுத்தும் விழுந்தால் வாரத்தில் மூன்று நாள் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்படும்; வார்டிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. ஒன்று குறைந்தாலும் அந்த மூன்று நாளையும் திங்கட்கிழமை முதல் வார்டே விழுங்கிவிடும். சிறுநீரகம் பழுதாகப் போவதை இரண்டு நாள் முன்னதாகவே காட்டிக்கொடுக்கும் ஒரு பரிசோதனை முளையிலேயே கருகிப்போகும்.

கெடு இன்று மாலை ஐந்து மணி. இப்போது நாலே முக்கால்.

டாக்டர் தன் கையெழுத்தைப் போன வாரமே போட்டுவிட்டார். பக்கத்துக் கட்டம்தான் காலி.

"வழிகாட்டிகள்கிட்ட என்னென்ன எதிர்பார்க்கறோம்னு ஒரு கையேடு போட்டீங்களே, அதைப் படிச்சீங்களா அண்ணே?"

"டைப் அடிச்சதே நான்தான் டாக்டர்."

"அப்ப மூணாம் பக்கம் என்ன சொல்லுது? ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம், எதிரெதிரா உக்காந்து பேசணும். எட்டு தடவை வந்துட்டேன். எட்டு தடவையும் இந்தச் சாத்தின கதவைத்தான் பாத்துட்டுப் போறேன். கதவுகிட்டயா ஆராய்ச்சியைப் பத்திப் பேசறது?"

"அவருக்குக் கொஞ்சம் வேலை ஜாஸ்தி..."

"நான் மட்டும் என்ன, ஈ ஓட்டிக்கிட்டா இருக்கேன்? போன் அடிச்சா எடுக்கறதில்ல. அந்தக் கட்டுரை என்னாச்சுன்னு கேட்டா, 'பாத்துக்கிட்டிருக்கேன்'னு ஒரே ஒரு வரி. பாத்துக்கிட்டே இருந்தா கட்டுரை குட்டி போடுமா?"

சீல் அண்ணன் சிரிப்பை அடக்க, இல்லாத கோப்பு ஒன்றை இழுப்பறைக்குள் குனிந்து தேடினார்.

"நேத்து கேன்டீன்ல கண்ணுல பட்டார். என்னைப் பாத்ததும் தட்டோட பின்வாசல் வழியா ஓட்டம்! நான் என்ன போலீஸா?"

"மரியாதைக் குறைவா நினைச்சு இல்ல டாக்டர்."

"வேற ஆளைப் போடுங்கன்னு எழுதிக் கொடுக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்? மனசு வரலையே. ஒரு தடவை அவர் யோசிக்கறதைக் கேட்டாப் போதும், அப்படி ஒரு மூளை. மூளை இருந்து என்ன, ஆளைக் காணோமே!"

ஐந்துக்கு மூன்று நிமிடம். டாக்டரின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது.

"அண்ணே, இது என் கௌரவப் பிரச்சினை இல்ல. டயாலிசிஸ்ல படுத்திருக்கறவங்களைப் பாத்துட்டுத்தான் மேல ஏறி வந்தேன். ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா, அதுல சிலராவது இன்னைக்கு வீட்டுல இருப்பாங்க. கெஞ்சணும்னாலும் கெஞ்சறேன். எங்க இருக்கார்னு மட்டும் சொல்லுங்க."

சீல் அண்ணன் முத்திரையைக் கையில் எடுத்தார். சாத்தியிருந்த கதவின் தாழ்ப்பாள் உள்ளேயிருந்து மெல்ல விலகியது.

வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல், நேரே மேசைக்குப் போய்க் காலிக் கட்டத்தில் கையெழுத்திட்டார். மை காய்வதற்குள் அதன்மேல் டொக்கென்று முத்திரை விழுந்தது.

"இவ்வளவு நேரமும் உள்ளேயேவா இருந்தீங்க?" டாக்டர் பல்லைக் கடித்தார்.

"மன்னிச்சிடுங்க மேடம்." அந்த இளைஞன் தலையைச் சொறிந்தான். "ஒரு கட்டுரையைத் திருத்தித் தர வழிகாட்டிக்குப் பத்து நாள் அவகாசம்னு கையேட்டுல இருக்கு. நீங்க என்னடான்னா, ராத்திரி நான் அனுப்பினதை விடியறதுக்குள்ள முழுசா சிவப்பாக்கி அனுப்பிடறீங்க. இதுவரைக்கும் ஒன்பது தடவை ஆச்சு. தயவுசெஞ்சு இனிமே அந்தப் பத்து நாளையும் எடுத்துக்குங்க மேடம்; உங்க மாணவன் கொஞ்சம் தூங்கிக்கறேன்."