எட்டாவது பாம்பு

அடுப்படிச் சுவரிலிருந்த ஓட்டை வழியாக ஏழாவது பாம்பு வந்தது. செங்கோடன் அதன் தலை கூழாகும்வரை தடியால் அடித்தான். செத்த பிறகும் விடவில்லை. வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவுக்கே காட்டினான்.

"அந்த ஓட்டைய அடைச்சுப் போடலாமுங்க" என்றாள் அவன் மனைவி பாவாயி, ஏழாவது தடவையாக.

"நானிருக்கறப்ப உனக்கென்னடி பயம்?"

மறுநாள் அவளே சிமென்ட் குழைத்துப் பூசிவிட்டாள். மாலையில் வந்தவன் பூசிய இடத்தைத் தடியால் தட்டிப் பார்த்தான். ஒரு வாரம் எதுவும் வரவில்லை. தினமும் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து தடிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். எட்டாம் நாள் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டான்.

"ஆரைக் கேட்டுடி அடைச்சே?"

தடி அவள் தோளில் இறங்கியது. மறுபடி ஓங்கினான். பாவாயி சுவரோரம் தவழ்ந்துபோய், நகங்கள் பிய்ந்து ரத்தம் வர, சிமென்ட்டைப் பெயர்க்க ஆரம்பித்தாள்.