காதில் விழுந்த சத்தம்

“ஏதாவது கேக்குதா, ஹால்வார்?”

“இல்ல கேப்டன். மீன் கூட்டம்தான்.”

கேப்டன் ஐவின் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. அவர் இந்தப் போர்க்கப்பலுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

மலைகளுக்கு நடுவே கடல் குறுகிக் கிடக்கும் ஹர்தாங்கர் ஃபியோர்டில், தண்ணீருக்கடியில் எங்கோ ஒரு சின்ன நீர்மூழ்கி பதுங்கியிருந்தது. அதை நடத்தும் அதிகாரிக்கு இது கடைசித் தேர்வு. பன்னிரண்டு மணிக்குள் கப்பலிடம் மாட்டினால் தோல்வி. மறுவாய்ப்பு கிடையாது. மாட்டாமல் பக்கத்தில் வந்து பச்சைப் புகை விட்டால், கப்பலைத் தாக்கி மூழ்கடித்ததாகக் கணக்கு.

“காலையில லீவு கேட்டீங்களே, நல்லவேளை நான் குடுக்கல. உங்க காது இல்லேன்னா இந்தக் கப்பலே செவிடு. இந்த வாரம் ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியாச்சு. இன்னைக்கு மூணாவது ஆளு!”

ஹால்வார் சிரிக்கவில்லை. கடலடிச் சத்தங்களைக் கேட்கும் ஹெட்போனை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி தட்டில் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது.

“உடம்பு சரியில்லையா? பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல கேப்டன்.”

பதினொன்று நாற்பத்திரண்டு.

அப்போதுதான் கேட்டது. மிக மெல்லிய ‘ர்ர்ர்’. மலையருவி விழும் சத்தமில்லை, மீனுமில்லை. மெதுவாகச் சுழலும் நீர்மூழ்கியின் விசிறி. முப்பது வருடமாகக் கேட்டுப் பழகிய காது, தப்ப வழியே இல்லை.

ஹால்வார் கடிகாரத்தைப் பார்த்தார். கப்பலில் வேறு யார் காதிலும் இது விழாது. பதினெட்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

கண்ணை மூடினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண்ணினார். சத்தம் நிற்கவில்லை.

“கேப்டன்...” குரல் உடைந்தது. “இடப்பக்கம். பாறையோரம். நீர்மூழ்கிதான்.”

“பலே! திருப்புங்கய்யா கப்பலை!”

கப்பல் சாய்ந்து திரும்பியது. மேல்தளத்தில் ஆரவாரம். ஹால்வார் மட்டும் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பாறையை நோக்கிப் பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள். மேலிருந்து ஒருவன் அலறினான்.

“பின்னாடி! பின்னாடி பாருங்க!”

கப்பலின் வாலுக்கு நேர் பின்னால், கூப்பிடு தூரத்தில், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பச்சைப் புகை எழுந்தது.

ஐவினின் முகம் செத்துப்போனது. நீர்மூழ்கியோடு பேசும் மைக்கைக் கையில் எடுத்தபடியே ஹால்வாரிடம் திரும்பினார். “அப்போ பாறைகிட்ட நீங்க கேட்டது என்னய்யா?”

பதில் ஒலிபெருக்கியில் வந்தது. கடலுக்கடியிலிருந்து, கரகரவென்று, ஒரு பெண் குரல்.

“அது என்னைமாதிரியே சத்தம் போடுற டூப்புங்க, கேப்டன். நான்தான் பாறையோரம் விட்டேன்.” குரல் கொஞ்சம் தயங்கியது. “அது காதுல விழுந்தா, என் தேர்வே போனாலும் நீங்க மறைக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் விட்டேன், அப்பா.”