கோட்டில் விழுந்த பந்து

“ரூம்ல துணி காயப்போட இடம் இருக்காடா?”

சுவரு என்னிடம் கடைசியாகப் போனில் கேட்டது இதுதான். எதை அடித்தாலும் திருப்பி அனுப்புவான் என்பதால் கல்லூரி டென்னிஸ் அணியில் அவனுக்கு அந்தப் பெயர்.

“நான் முதல் சுற்றுலயே தோத்துட்டு உட்கார்ந்திருக்கேன். நீ துணியைப் பத்திக் கேக்கற?”

“ஸ்கோரை நெட்ல பாத்துக்கறேன், சாம்பியன். துணி காஞ்சுதான்னு நெட்ல போட மாட்டான். சாப்ட்டியா? யார்கூட?”

“எதிர்ல ஒரு நாற்காலி இருக்கு. அதுகூட.”

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்காமல் வைத்துவிட்டான். மறுநாள் தன் கடையில், யாருக்கோ தண்ணீர் மோட்டார் விலை சொல்லிக்கொண்டிருந்தபோதே அவன் இதயம் நின்றுவிட்டது. முப்பத்துநான்கு வயது.

இரண்டு விமானம் மாறி நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கூடத்தில் அவன் மனைவி மட்டும் இருந்தாள். குழந்தை உள்ளே தூங்கியது.

பன்னிரண்டு வருடமாக நான் வாரத்துக்கு ஓர் ஊர் போகிறவன். விளையாடுவேன், தோற்பேன், அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுப்பேன். ஆட்டம் முடிந்ததும் வருவது அவன் போன் ஒன்றுதான். ஒரு தடவைகூட அவனிடம் சொல்லாததை அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன்.

“நானும் அவனும் ஆடின காலேஜ் ஃபைனல் பத்தி ஒண்ணு சொல்லணும்மா.”

“சொல்லுங்கண்ணா.”

சொன்னேன். மண் தரை. கோட்டருகே நடுவர் கிடையாது. அவரவர் பக்கம் விழும் பந்தை உள்ளே, வெளியே என்று அவரவரே சொல்ல வேண்டும். ஜெயிப்பவனை ஒரு நிறுவனம் தொழில்முறை ஆட்டக்காரனாக வெளிநாடுகளுக்கு அனுப்பும். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் சுவருதான் சாம்பியன்.

அவன் அடித்த பந்து என் பக்கத்தில், கோட்டின் மேலேயே விழுந்தது; கோட்டில் பட்டாலே உள்ளேதான். “வெளியே” என்றேன்.

சந்தேகமிருந்தால் எதிராளி வந்து மண்ணில் பதிந்த தடத்தைப் பார்க்கலாம். வந்தான். குனிந்தான். “வெளியதான்” என்று சொல்லி, தடத்தைக் காலால் தேய்த்து அழித்துவிட்டுத் திரும்பிப் போனான். அதன்பிறகு அவன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

“என் வார்த்தையை நம்பிட்டாம்மா. சரியாக்கூடப் பாக்கல. அவன் போயிருக்க வேண்டிய இடத்தை நான் திருடிட்டுப் போனேன். போயும் என்னத்தைக் கிழிச்சேன்? நானூத்திப் பதினெட்டாவது ரேங்க். அவன் போயிருந்தா எங்கயோ இருந்திருப்பான்.”

அவள் என்னையே பார்த்தாள். அழுவாள், இல்லை எழுந்து வெளியே போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

“பந்து உள்ளதான் விழுந்துச்சுன்னு அவருக்குத் தெரியும்ணா.”

“தெரியுமா?”

“ஜெயிச்சா ஊர் ஊராத் தனியாத் திரியணுமேன்னு அவருக்கு அவ்வளவு பயமாம். என் மாமனார் முன்வரிசைல உட்கார்ந்து பாத்துக்கிட்டிருந்தாரு, வேணும்னே தோக்கவும் முடியல. நீங்க வெளியன்னு சொன்னதும் விட்டாப் போதும்னு அழிச்சிட்டாராம்.”

முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க தோத்த அன்னிக்கெல்லாம் சரியாச் சாப்பிட மாட்டார். ‘நான் தப்பிச்சுக்கிட்டு அவனை மாட்டிவிட்டுட்டேன்’னு புலம்புவார்.”

உள்ளே தூங்கும் குழந்தையை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அடுத்த தடவை நீங்க வரும்போது உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தார்ண்ணா.”