தரீஃபா கடற்கரையில் ஒரு மஞ்சள்

சேலை அவளை விட்டுப் பறந்துவிடும் போலிருந்தது.

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஊக்கு குத்தினாள். அப்படியும் நிற்கவில்லை.

இது காற்றா, பேயா?

அல்ஜெசிராஸில் அறை கொடுத்திருந்த ரோசியோ அம்மாள் காலையிலேயே சைகை காட்டினாள். கீழைக்காற்று அடிக்கிறது, சேலையெல்லாம் வேண்டாம் என்று கையை வீசி வீசிச் சொன்னாள். கேட்டால்தானே.

சேலைதான் கட்டியாக வேண்டும். அதுவும் மாம்பழ மஞ்சள். ஜெரோம் போனில் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

பளிச்சென்று கட்டிக்கொண்டு வந்து நில். கப்பலின் வலப்பக்கம் பைனாகுலரோடு நிற்பேன். எப்படியும் பார்த்துவிடுவேன்.

கட்டிய புருஷனைப் பார்க்க இப்படியா வர வேண்டும்?

அவன் வேலை பார்க்கும் கப்பல் அல்ஜெசிராஸ் துறைமுகத்தில் ஒரு நாள் நிற்பதாக இருந்தது. அந்த ஒரு நாளை நம்பித்தான் விசா, லீவு, விமானம் எல்லாம். தூத்துக்குடி மக்ரூன் நொறுங்கிவிடக் கூடாதென்று வழியெல்லாம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

வந்து இறங்கிய பிறகு கம்பெனி உத்தரவு மாறிவிட்டது. கப்பல் நிற்காது. ஜலசந்தியைத் தாண்டி நேரே மேற்கே போகிறது.

கோபம் கோபமாக வந்தது. யாரிடம் போய்க் கத்துவது?

கரையை ஒட்டித்தான் போகும், தரீஃபாவுக்கு வந்துவிடு என்றான். பஸ் ஏறி வந்துவிட்டாள். மலைச்சரிவெல்லாம் காற்றாடிக் கம்பங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. வளைவு திரும்பியதும் அக்கரையில் ஆப்பிரிக்கா தெரிந்தது. பஸ்ஸே ஜன்னல் பக்கம் சாய்ந்து படம் எடுத்தது. அவள் கப்பல்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடற்கரைக்கு வந்து நிமிர்ந்தாள்.

வானமெல்லாம் பட்டம்.

பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் வழுக்கி விளையாடுகிறவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். சிவப்பு, பச்சை, நீலம். அதில் பாதி மஞ்சள்.

அட கடவுளே.

இந்தத் திருவிழாவில் ஒரு மஞ்சள் சேலையை அவன் எங்கே தேடுவான்? கறுப்புக் கட்டியிருந்தாலாவது தெரிந்திருப்பாள்.

கைப்பேசி வரைபடத்தில் அவன் கப்பல் ஒரு சின்ன அம்புக்குறியாக நகர்ந்து வந்தது. நிமிர்ந்தாள். நீல உடம்பு, வெள்ளைக் கூண்டு. அதேதான்.

கையை ஆட்டினாள். இரண்டு கையையும் ஆட்டினாள். மக்ரூன் டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். பக்கத்தில் மணலில் படுத்திருந்த ஒருவன் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்தான். பார்த்தால் பார்க்கட்டும்.

ஜெரோமுக்குப் போன் அடித்தாள். தொடர்பு கிடைக்கவில்லை. திரும்பவும் அடித்தாள்.

கப்பல் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதற்குள்தான் இருக்கிறான். அந்த வெள்ளைக் கூண்டுக்குப் பக்கத்தில் எங்கோ நிற்கிறான். நீந்திப் போய்விடலாம் போல ஆசையாக இருந்தது. ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் போதும். பேசக்கூட வேண்டாம்.

கப்பல் சிறுத்தது. தீப்பெட்டி அளவுக்கு ஆனது.

இனி நிற்கக் கூடாது.

அவன் வீட்டு வழக்கம் அது. கப்பல் மறைவதைப் பெண்சாதி கண்ணால் பார்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியும்போதே திரும்பி நடந்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கவும் கூடாது. மாமியார் ஒரே ஒரு முறை ஆசைப்பட்டு, கடைசிவரை நின்று பார்த்தார். மாமனார் அந்தப் பயணத்திலிருந்து வரவில்லை.

இதெல்லாம் சும்மா என்று அவள் எத்தனையோ முறை ஜெரோமிடம் சிரித்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் திரும்பி நடந்திருக்கிறாள்.

இன்றைக்கு மட்டும் நின்றால் என்ன? அவன்தான் இன்னும் பார்க்கவே இல்லையே.

இன்னும் ஒரு நிமிஷம். இன்னும் அரை நிமிஷம்.

வேண்டாம்.

திரும்பினாள்.

ஊர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினாள். எதிர்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. அழுகைக்கு அது சௌகரியமாக இருந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்து வந்தார்கள். கடற்கரையே கடலைப் பார்த்து நின்றது. அவள் ஒருத்திதான் முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

இவ்வளவு தூரம் வந்து, அவன் கண்ணில் படாமலே போகிறாள்.

கைப்பேசி அதிர்ந்தது.

முதலில் இரைச்சல். பிறகு ஜெரோமின் குரல். ஓடி வந்தவன் போல மூச்சு வாங்கியது.

"எல்லா மஞ்சளும் கடலப் பாத்து நிக்கி. ஒண்ணு மட்டும் ஊரப் பாத்துப் போவுது. ஏட்டி, அது நீதானே?"

நின்றுவிட்டாள்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தொடர்பு போய்விட்டது.

ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிறான். இப்போது, இந்த நிமிஷம், அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திரும்பவில்லை.

டப்பாவை மணலில் வைத்தாள். ஊக்கைக் கழற்றினாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, ஒரு முனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மீதியைக் காற்றில் விட்டாள்.

அது அவளுக்குப் பின்னால் முழு நீளத்துக்கும் விரிந்து பறந்தது, கப்பல் போகிற பக்கமாக.