மொட்டை லீவு

"திருமலையில மொட்டை போட்டுக்கப் போறேன்னுதானே லீவு கேட்டே? தலையில ஒரு முடிகூடக் குறையலையே!"

சித்தூர் வக்கீல் சம்பத்குமார் கத்திய கத்தலில் ஜூனியர் ஹரிபாபுவின் கை தானாகத் தலைக்குப் போனது.

"கூட்டம் ஜாஸ்தி சார். திரும்பி வந்துட்டேன்."

"பொய்! திருப்பதி ஓட்டல்ல பெங்களூர் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போயிருக்கே. சீனியர் என்னைக் கோர்ட்ல வாயே திறக்க விடமாட்டார்னு அவாகிட்ட சொல்லியிருக்கே. நன்றி கெட்டவனே!"

ஹரிபாபுவுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமா சார், சொன்னேன்! ஆறு வருஷமா உங்க கேஸ் கட்டைத் தூக்கிக்கினு வாய்தா வாங்கிக்கினு இருக்கேன். ஒரு கேசாவது வாதாட விட்டீங்களா? மூடின ரூமுல பேசினதை உங்களுக்கு யாரு சார் சொன்னது?"

சம்பத்குமாரின் குரல் சட்டென்று இறங்கியது.

"யாரும் சொல்லலை. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன், எல்லாம் கேட்டுது. நீ வெளியே வந்தப்போ பேப்பரால முகத்தை மறைச்சுண்டேன். உனக்கு அடுத்த நம்பர் என்னுது."

சம்பத்குமார் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"உன்னை எடுத்துட்டாளாம். இன்னும் ஒரு இடம் இருக்காம். நீ என்கிட்ட வேலை பார்த்தவன்கிறதால, என்னைப் பத்தி உன்னைத்தான் விசாரிப்பாளாம். நல்லதா ஒரு வார்த்தை சொல்றியா, ஹரி?"